சாப்பாவும் திராட்சைத் தோட்டமும்

நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் 'வேலை வாங்குகிறார்' என்போம். "அவர் நன்றாக வேலை வாங்கத் தெரிந்தவர்" என்றால் அது புகழுரை. ஆனால் அதே மனிதரைத் தேடி ஒருவன் வயிற்றுப்பாட்டுக்காக வரும்போது, "ஐயா, ஒரு வேலை கொடுங்கள்" என்றுதான் கேட்கிறான். வாங்குபவர் யார், கொடுப்பவர் யார் என்னும் குழப்பம் சொல்லிலேயே கிடக்கிறது. இந்தக் குழப்பம் சொல்லோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை.

நம் மன்றத்து நண்பர்களுள் பலர் இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்திலோ ஆலையிலோ அலுவலகத்திலோ நாலு பேருக்கு மேலாளாக அமரப் போகிறவர்கள். அந்த நாலு பேரை எப்படி நடத்துவது என்பதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆகவே என் சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். தேடப் புறப்பட்டதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். பிற சமயத்து நண்பர்கள் இதைப் பிரசங்கம் என்று தள்ளிவிட வேண்டா. நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி நம் மட்டாஞ்சேரிக் கதை.

மட்டாஞ்சேரியில் பசார் ரோடு வழியே நடந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். சுக்கு, மிளகு, ஏலம், பழைய சாக்கு, காயல் நீர் எல்லாம் கலந்த மணம். இருபுறமும் பண்டகசாலைகள். மலையாளத்தில் 'பாண்டிகசால' என்கிறார்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் 'கிட்டங்கி' என்போம். என் தந்தையார் அப்படி ஒரு கிட்டங்கியில் மேஸ்திரி. நாங்கள் கொச்சிக்கு வந்ததே அந்த வேலையை நம்பித்தான்.

இந்தத் தெருவின் பின்புறம் காயல். காயலுக்கு அப்பால் துறைமுகம். 1920-இல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளரின் முயற்சியால் முகத்துவாரம் ஆழப்படுத்தப்பட்டு, 1928-இல் பெருங்கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கின. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதே வெல்லிங்டன் தீவு. கப்பல் வந்தால் சரக்கை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கப்பல் என்பது தொடர்வண்டி போன்றதன்று. காற்றையும் கடலையும் சந்தையையும் பொறுத்தது அதன் வரவு. ஒரு கிழமை மூன்று கப்பல் வரும். மறு கிழமை ஒன்றும் வராது. கப்பல் வராத நாளிலும் ஆளுக்குக் கூலி கொடுப்பதானால் முதலாளிக்கு நட்டம். ஆளே வைத்துக்கொள்ளாவிட்டால் கப்பல் வந்த அன்று சரக்கு தேங்கும்; அதுவும் நட்டம். இரண்டு நட்டத்துக்கும் தப்ப உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் ஒரே வழியைக் கண்டுபிடித்தன. தேவைக்கு மேற்பட்ட கூட்டத்தை நாள்தோறும் வாசலில் காத்து நிற்கச் செய்வது. வேண்டிய அளவு ஆளை மட்டும் அன்றன்றைக்கு எடுத்துக்கொள்வது. மற்றவரைப் போகச் சொல்வது. கப்பல் வராத நாளின் நட்டம் இப்போது யார் தலையில் விழுகிறது? வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் தலையில். பொருளியல் நூல்களில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கலாம். நடப்பது இவ்வளவுதான்.

கொச்சியில் அந்த எடுப்பு முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். முத்திரை குத்திய உலோக வில்லைதான் சாப்பா. முத்திரை என்னும் பொருளில் நம் தமிழிலும் அச்சொல் உண்டு. வில்லை கையில் இருந்தால் அன்று வேலை உண்டு; இல்லையேல் இல்லை. ஆனால் அதைக் கையில் கொடுக்க மாட்டார்கள். ஒப்பந்தக்காரரின் ஆளான மூப்பன், கூடி நிற்கும் கூட்டத்துக்கு நடுவே வில்லைகளை வீசி எறிவான். மண்ணில் விழுந்ததை எடுக்க மனிதர் மேல் மனிதர் விழுவர். அண்டை வீட்டுக்காரனும் அண்டை வீட்டுக்காரனும் மோதிக்கொள்வர். எறிந்தவன் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இதைக் கேள்விப்பட்டபோது முதலில் எனக்குத் தோன்றியது, "சரி, இதுவும் ஒரு குலுக்கல் சீட்டுப் போலத்தானே!" என்பதே. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 பேர் நிற்கிறார்கள், 100 சாப்பா என்று வைத்துக்கொள்வோம். உண்மையான குலுக்கலாக இருந்தால் நெடுநாளில் ஒவ்வொருவருக்கும் நாலு நாளுக்கு ஒரு நாள் வேலை வரும். சாப்பா அப்படியன்று. தோள்வலி மிக்க 100 பேருக்கு நாள்தோறும் வேலை வரும். ஒரு நாள் சாப்பிடாதவன் மறுநாள் இன்னும் தளர்ந்து வருவான், மறுநாளும் தோற்பான். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் வயது முதிர்ந்தவனுக்கும் என்றுமே கிடையாது. எறிவதில் ஒருதலைப் பட்சம் இல்லை என்று மூப்பன் சொல்லிக்கொள்ளலாம். அவன் கை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது மெய்தான், பசி தேர்ந்தெடுத்தது.

இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று தொழிலாளர் 1953-இல் போராடினர். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். சைது, சைதலவி என்னும் இருவர் குண்டடிபட்டு மாண்டனர். ஆண்டனி என்பவர் போலீசாரின் கொடுமைக்கு ஆளாகி இறந்தார். இருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர். சாப்பாவுக்கு மட்டும் சாதி சமயம் இருந்ததில்லை போலும். 1982-இல் பி. ஏ. பக்கர் 'சாப்ப' என்ற பெயரிலேயே மலையாளத் திரைப்படம் ஒன்று எடுத்தார். கே. எம். சிதம்பரன் எழுதிய 'துறமுகம்' என்னும் நாடகத்தைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய படம் 2023-இல் வெளிவந்தது. நம்மில் பலருக்கு இச்செய்தி தெரிய வந்ததே அந்தப் படத்தால்தான். நான் இவ்வூரிலேயே வளர்ந்தும், அதற்கு முன் எனக்கும் தெரியாது.

இனி விவிலியத்துக்கு வருகிறேன். மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் கூறிய உவமை ஒன்று உண்டு. கிறிஸ்தவர் எல்லோரும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி, ஆட்களை அழைத்து வருகிறார். பிறகு நம் கணக்கில் காலை 9 மணி அளவில் மீண்டும் போகிறார்; நண்பகலில் போகிறார்; பிற்பகல் 3 மணிக்குப் போகிறார். மாலை 5 மணிக்கும் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் பகல் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று வினவுகிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் தம் காரியக்காரனை அழைத்து, கடைசியில் வந்தவர் தொடங்கி எல்லோருக்கும் கூலி கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் ஒரு பணம்; பகல் முழுதும் வெயிலில் காய்ந்தவருக்கும் அதே ஒரு பணம். காலையில் வந்தவர் முணுமுணுக்கிறார்கள்.

இவ்வுவமை கூலிச் சட்டம் அன்று, இறைவனின் அருளைப் பற்றியது என்று மறைநூல் வல்லார் கூறுவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அருளைப் பற்றிச் சொல்ல வந்த இயேசு, அரண்மனையையோ போர்க்களத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. வேலை கிடைக்குமா என்று ஆட்கள் நிற்கும் தெருவை எடுத்துக்கொண்டார். அத்தெரு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தச்சர் வீட்டில் வளர்ந்தவர் அல்லவா!

மட்டாஞ்சேரியை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வுவமையை மீண்டும் படித்தபோது முன்பு கண்ணில் படாத சில கண்ணில் பட்டன. முதலாவது, தோட்டக்காரர் தாமே போகிறார். ஒரு முறை அன்று, ஐந்து முறை. காரியக்காரன் ஒருவன் இருக்கிறான் என்பது மாலையில்தான் தெரிகிறது. அவனை அனுப்பி ஆள் பிடித்து வரச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டாவது, மாலை 5 மணிவரை நின்றவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? காலையிலிருந்து அவ்வழியே வந்த முதலாளிகள் ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுக்கியவர்கள். கிழவன், நொண்டி, நோஞ்சான். சாப்பாவை எட்டிப் பிடிக்க முடியாதவர்கள். மூன்றாவது, அவர்கள் சொன்ன விடையைத் தோட்டக்காரர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். "உங்களுக்கு உழைக்க மனமில்லை" என்று அவர் சொல்லவில்லை. வேலை இல்லாதவனைச் சோம்பேறி என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே எவ்வளவு வேரூன்றியது என்பதை எண்ணினால் இது சிறிய செய்தி அன்று.

காலையில் வந்தவர்களின் முணுமுணுப்பை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் ஒரே கூலி என்றால் எந்த அறிவியல் மாணவனும் தராசைத் தட்டிப் பார்ப்பான். நெடுநாள் இதை எண்ணியிருக்கிறேன். எனக்குப் பட்டது இது: கடைசியில் வந்தவன் ஒரு மணி நேரம் உழைத்தான், பதினொரு மணி நேரம் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பு அவன் செய்த குற்றம் அன்று. அதன் நட்டத்தை யாராவது சுமக்க வேண்டும். ஊரில் மற்ற எல்லா முதலாளியும் அதை அவன் தலையிலும் அவன் பிள்ளைகளின் வயிற்றிலும் வைத்தார்கள். இந்த ஒருவர் தம் பையிலிருந்து கொடுத்தார். காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்காமல் கொடுத்தார் என்பதையும் மறக்கலாகாது. ஒருவன் கூலியைப் பிடித்து இன்னொருவனுக்குக் கொடுப்பது இரக்கம் ஆகாது.

இந்தக் கவலை இயேசுவுக்கும் முந்தியது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் சொந்த இனத்தானாயினும் அயல்நாட்டானாயினும் சரி என்பது மோசேயின் சட்டம்; உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1568-இல் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. மோசேயின் நூல்களை ஆண்டுக்கு ஒரு சுற்றாக முழுதும் வாசிப்பது யூதர் முறை. அயல்நாட்டானாயினும் என்ற அச்சொல், பல தேசத்தாரும் பிழைக்க வந்து சேர்ந்த இந்தத் தெருவில் எத்தனை முறை ஒலித்திருக்கும்! நம்மைப் போல் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சட்டம் இருந்தது, உவமை இருந்தது. எனினும் கிறிஸ்தவ நாடு என்று பெயர் பெற்ற இங்கிலாந்தின் தலைநகரில் நடந்தது என்ன? 19-ஆம் நூற்றாண்டு இலண்டன் துறைமுகத்திலும் இதே கதைதான். வில்லை எறியவில்லை, அதற்குப் பதிலாகக் கங்காணி விரல் நீட்டிய ஆளுக்கு வேலை. அந்த விரலின் முன்னால் வந்து நிற்பதற்காக ஒருவர் மேல் ஒருவர் ஏறினர். சில நாள் ஒரு மணி நேர வேலைதான் கிடைக்கும். 1889 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு 6 பென்னி கூலி வேண்டும். அழைத்தால் 4 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை தர வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகளுள் சில. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கலந்துகொண்ட அந்த நிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் 30,000 பவுனுக்கு மேல் திரட்டி அனுப்பினர்.

அப்போது நடுவில் புகுந்தவர் கார்டினல் மேனிங். கத்தோலிக்கத் திருச்சபையின் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர், வயது 81. அவருடைய தந்தையார் மேற்கிந்தியத் தீவுகளோடு வணிகம் செய்தவர், அடிமைகளை உடையவர், இங்கிலாந்து வங்கியின் தலைவராகவும் இருந்தவர். ஆக, மகன் பிறந்த வீடு எந்தப் பக்கத்தது என்பதில் ஐயம் இல்லை. அந்த முதியவர் முதலாளிகளிடமும் தொழிலாளரிடமும் மாறி மாறி நடந்தார். பாப்லர் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தத் தலைவர்களோடு மணிக்கணக்கில் அமர்ந்து பேசினார். செப்டம்பர் நடுவில் உடன்பாடு ஏற்பட்டது. அந்த 6 பென்னி கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1891-இல், போப் 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமானது ஆகிவிடாது, சிக்கனமாய் வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாய் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. பசித்தவன் எதற்கும் ஒப்புக்கொள்வான் என்பதை உரோமாபுரி ஒருவழியாக எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் மேனிங் பெற்றுத் தந்தது கூலி உயர்வு. காத்து நிற்கும் கூட்டம் அப்படியே நின்றது. இலண்டனில் அது முற்றும் ஒழிய 1947-இல் ஒரு திட்டமும் 1967-இல் மற்றொரு சீர்திருத்தமும் வேண்டியிருந்தன. நல்ல மனிதர் ஒருவர் வந்து இரங்குவது வேறு. முறையை மாற்றுவது வேறு.

நம் கடற்கரையிலேயே திருச்சபை முதலாளியாக இருந்த கதையும் உண்டு. பாசல் மிஷன் 1834-இல் மங்களூரில் பணி தொடங்கியது. கிறிஸ்தவரானவர்கள் சாதியையும் சாதித் தொழிலையும் இழந்து தெருவில் நின்றதால் அவர்களுக்காக நெசவாலைகளையும், 1865 முதல் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் அது நடத்தியது. கண்ணூரிலும் கோழிக்கோட்டிலும் அவை பரவின. மலையாளக் கரையில் பழைய வீடுகளின் கூரையைப் பார்த்தால் அந்தக் கதை தெரியும். பிழைப்புக் கொடுத்தது பெரிய உதவிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்பவரும் திங்கட்கிழமை கூலி கொடுப்பவரும் ஒரே சபையார் என்றால், தொழிலாளி தன் மனக்குறையை யாரிடம் போய்ச் சொல்வான்? முதலாளியின் பக்தி தொழிலாளிக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம், பாரமாகவும் அமையலாம். முதல் உலகப் போரின்போது அத்தொழிற்சாலைகளை ஆங்கில அரசு கைப்பற்றிக்கொண்டது. அந்தக் கதை அத்துடன் வேறு திசையில் போய்விட்டது.

கொச்சிக்குத் திரும்புவோம். துறைமுகத் தொழிலாளர் வேலை அமர்த்தலை ஒழுங்குபடுத்த 1948-இல் நடுவண் அரசு ஒரு சட்டம் செய்தது. அதன் கீழ்க் கொச்சிக்குத் தனித் திட்டம் வந்தது 1959-இல். துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு ஆண்டு கழிந்த பின். இந்தத் திட்டங்களின் அமைப்பு எளிமையானது. தொழிலாளர் பெயரைப் பதிவேட்டில் எழுது. கப்பலுக்கு ஆள் வேண்டும்போது பதிவேட்டின் வரிசைப்படி முறைவைத்து அழை. மாதத்துக்கு இத்தனை நாள் கூலி உறுதி என்று சொல். வேலைக்கு வந்து நின்று வேலை கிடைக்காதவனுக்கு வருகைப் படி கொடு. எறிவதும் இல்லை, பாய்வதும் இல்லை. ஒரு பேரேடும் ஓர் எழுத்தரும் போதும். இவ்வளவு எளிய ஒன்றுக்காக மூன்று உயிர் போக வேண்டியிருந்ததா என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இத்திட்டங்களைப் பற்றிப் படிக்கையில் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. ஒரு தொழிலாளிக்கு வேலை ஒதுக்கப்பட்டு அவனும் வந்துவிட்டான்; ஆனால் மழையாலோ கப்பல் வராததாலோ வேலை தொடங்கவில்லை. அவனுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'ஏமாற்றப் பணம்' என்றாகும். ஏமாற்றிய பணம் அன்று; ஏமாற்றம் அடைந்ததற்கான பணம். சட்டம் எழுதுகிறவர்கள் பொதுவாக இப்படி மனிதர் பேச்சில் எழுதுவதில்லை. மாலை 5 மணிக்கு வந்தவனுக்குத் தோட்டக்காரர் கொடுத்த ஒரு பணத்தில் பெரும்பகுதி ஏமாற்றப் பணந்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சட்டத்தை எழுதியவர் விவிலியம் படித்தவரோ இல்லையோ, உவமையின் நடுப்பகுதியை விதியாக எழுதிவிட்டார்.

வேலை செய்யாமலே கூலி கேட்கும் 'நோக்குக்கூலி' என்ற வழக்கமும் இதே கேரளத்தில் இருந்ததே என்று நண்பர்கள் கேட்பார்கள். இருந்தது, 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. வேலைக்கு வந்து வேலை இல்லாமல் திரும்புகிறவனும், பிறர் சுமப்பதை நின்று பார்த்துவிட்டுக் கை நீட்டுகிறவனும் ஒருவர் அல்லர். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவோர் பெரும்பாலும் முதலாமவனுக்குக் கொடுக்க மனமில்லாதவர்.

விதி ஒன்றே போதுமா என்றால், போதாது. விவிலியத்தில் இன்னொரு மேலாளும் வருகிறார்: கப்பர்நகூம் ஊரில் இருந்த உரோம நூற்றுவர் தலைவர். போ என்றால் போகவும் வா என்றால் வரவும் வீரர்களை உடையவர். தாமும் பிறர் ஆணைக்கு உட்பட்டவர் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நம்மில் மேலாளாகப் போகிற எவரும் இவரைப் போன்றவரே. மேலேயும் ஒருவர், கீழேயும் சிலர். அவருடைய வேலைக்காரன் நோயால் படுத்தபோது, மத்தேயு எழுதியபடி, அவர் தாமே இயேசுவிடம் வந்து நிற்கிறார். இன்னொரு வேலைக்காரனை வைத்துக்கொள்வது அவருக்கு எளிது. படுத்தவனின் வேதனை இன்னது என்று விவரம் சொல்லும் அளவுக்கு அவனை அறிந்திருக்கிறார். பதிவேட்டில் வரிசை எண் 47 என்று அறிவது ஒன்று. 47-க்கு இன்று கால் இழுத்துக்கொண்டது என்று அறிவது வேறொன்று.

இனி, முன்பு சொன்ன சொந்தக் காரணம். சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காகக் காயலின் அடிச்சேற்றை அள்ளிச் சோதிக்க வேண்டியிருந்தது. படகில் இருந்து கனத்த இரும்பு அள்ளியை இறக்கி ஏற்ற ஆள் தேவை. அவர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ்த் தொழிலாளர் நிரம்ப வாழும் வாத்துருத்தியில் மூவரைப் பிடித்தேன். அவர்களுள் மூத்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். நான் கடுஞ்சொல் சொன்னதில்லை. சாப்பாடு வாங்கித் தந்தேன். கிறிஸ்துமஸுக்கு வேட்டி கொடுத்தேன். நல்ல மேலாள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மறுநாள் வேலை உண்டா இல்லையா என்பதை நான் முன்னிரவில் சொல்வதில்லை. நீரோட்டத்தைப் பார்த்து, படகுக்காரரைக் கேட்டு, காலை 6 மணிக்குக் கைப்பேசியில் அழைப்பேன். ஒரு கிழமையில் படகின் எஞ்சின் பழுதாகி இரண்டு நாள் தொடர்ந்து அழைக்கவே இல்லை. வேலை இல்லை என்று சொல்லவும் தோன்றவில்லை. இல்லாத வேலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த இரண்டு நாளும் அண்ணாச்சி, வந்த வேறொரு சுமைவேலையை மறுத்துவிட்டு என் அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறார். மூன்றாம் நாள் படகில் ஏறியதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வேல இல்லன்னா இல்லன்னு ராத்திரியே சொல்லிருங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிடுவோம்." வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு முந்திய ஞாயிறுதான் எங்கள் கோயில் வாலிபர் கூட்டத்தில் திராட்சைத் தோட்ட உவமையை நான் விளக்கியிருந்தேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எஞ்சின் பழுதான நட்டம் என் திட்டத்துக்கு உரியது. அதை நான் சத்தமில்லாமல் அண்ணாச்சியின் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். சாப்பாவைக் கையில் எடுக்காமலே எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தம் கைப்பையில் இருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். கிட்டங்கியில் சுக்குப் புடைத்துத் தரம் பிரிக்க வரும் பெண்களின் பெயர் வரிசை. யாருக்கு எந்த நாள் முறை, யார் பேறுகாலத்துக்குப் போயிருக்கிறார், யாருக்குத் தூசு ஆகாது, எல்லாம் அதில் இருந்தன. நாளைக்கு யார் யார் என்பதை முதல்நாள் மாலை அடுக்கு முடிந்ததும் உரக்க வாசித்துவிடுவாராம். "வரச் சொன்னவளுக்கு மட்டும் சேதி போதாதுலே. வர வேண்டாதவளுக்கும் சேதி சொல்லணும். அவ பொழப்ப அவ பாப்பால்லா" என்றார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. பிரசங்கம் செய்ததில்லை, கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்காருவார்.

பெரும்பாவூர்ச் சந்தியில் விடிகாலை நேரத்தில் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வங்காளத்தில் இருந்தும் அசாமில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்தவர்கள் கூட்டமாக நிற்பார்கள். நம்மவர் முன்பு நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். வண்டி ஒன்று வந்து நின்றால் நாலு பேர் ஓடி ஏறுவார்கள். மற்றவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அழைப்பு வரலாம், வராமலும் போகலாம்.

நான் இப்போது இரவு 8 மணிக்குள் மூவருக்கும் செய்தி சொல்லிவிடுகிறேன். உண்டு என்றாலும், இல்லை என்றாலும். சொல்லிவிட்டு, பிறகு வேலை நின்றுபோனால் பாதி நாள் கூலி தருவது என்றும் பேசிக்கொண்டோம். போன மாதம் அப்படி ஒரு நாள் வந்தது. கொடுத்தேன். திட்டக் கணக்கில் அதை எழுத ஒரு தலைப்பும் இல்லை. 'இதர செலவு' என்பதன் கீழ், 'ஏமாற்றப் பணம், மூன்று பேருக்கு' என்று எழுதி அனுப்பினேன். இது என்ன செலவு, விளக்கம் தருக என்று கணக்குப் பிரிவில் இருந்து தாள் வந்திருக்கிறது. அந்த விளக்கத்தை எழுத உட்கார்ந்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. அவர்களுக்கு இதைச் சுருக்கி அனுப்ப வேண்டும்.